வெளிநாட்டு லைசென்ஸும் உள்ளூர் பாக்கியும்

எண்பதுகளுக்கு இப்போது நல்ல விலை. அந்தப் பத்தாண்டில் வந்த இசைத்தட்டு, கேசட், கேசட்டின் அட்டை, அந்த அட்டையில் பெரிய காலர் சட்டையோடு நின்றவரின் படம், எதைக் கொண்டுபோனாலும் பெருநகரங்களில் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். ஆள் மட்டும் வேண்டாம். ஆள் வந்தால் மூட்டுவலி பற்றிப் பேசுவார், பழைய பாக்கியைக் கேட்பார். அட்டைப்படம் அப்படிக் கேட்காது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள சரண்ஜித் சிங் கதை போதும். பம்பாயில் இந்திப் படப் பாடல்களுக்குக் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் புதுக் கருவிகளை வாங்கிவைத்துக்கொண்டு பைரவி, தோடி, மேக மல்ஹார் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். எச்.எம்.வி. தட்டுப் போட்டது. யாரும் வாங்கவில்லை. இருபது வருடம் கழித்து, பழைய தட்டுத் தேடி டில்லிக்கு வந்த எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் கையில் அது சிக்கியது. 2010இல் அவர் அதை மறுபடி வெளியிட்டார். சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசை பிறப்பதற்கு முன்பே பம்பாயில் ஒருவர் அதை வாசித்து முடித்திருக்கிறாரே என்று ஐரோப்பா வாயைப் பிளந்தது. ஐரோப்பா பிளந்ததைப் பார்த்து நாமும் பிளந்தோம். காணாமல் போன மேதை கண்டுபிடிக்கப்பட்டார் என்று எழுதினோம். அவர் எங்கே காணாமல் போயிருந்தார் என்று கேட்கிறீர்களா? மும்பையில், அவர் வீட்டில். 2015இல் இறந்துபோனார்.

கல்கத்தாவின் ரூபா பிஸ்வாஸ் கனடாவில் பாடிப் பதிவு செய்த 'டிஸ்கோ ஜாஸ்' என்ற தட்டும் அதே 1982இல் வெளிவந்தது. அதுவும் ஓடவில்லை. 2019இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று தூசி தட்டி வெளியிட்டதும்தான் கல்கத்தாவுக்கே அவர் யாரென்று தெரிந்தது. நடுவில் ஓடிய 37 வருடமும் அவர் அந்த ஊரில்தான் குடும்பம் நடத்தினார்.

சிவகாசிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று விளங்கும். பெரிய பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் நாக்பூரிலிருந்து வர வேண்டும். கலைஞனுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ வர வேண்டும். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். உள்குத்தகைக்கு எடுத்து ஷெட்டை நடத்துபவர் இன்னொருவர். உள்ளே உட்கார்ந்து மருந்து அடைத்துக் கருகுபவர் மூன்றாமவர். மறுகண்டுபிடிப்பிலும் முதலாமவருக்குப் பெயர், இரண்டாமவருக்குக் காசு. மூன்றாமவர் வாசித்தவர்.

இந்தக் காய்ச்சல் இப்போது தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. சினிமாவுக்கு வெளியே எண்பதுகளில் தமிழில் பாட்டுப் போட்ட குழு எது, யாரும் கேட்காத கேசட் எது என்று தேடும் கூட்டம் பெருகியிருக்கிறது. தேடுபவர்களின் கால் எப்படியும் ஒருநாள் சிவகாசியில் வந்து நிற்கும். ஏனென்றால் அவர்கள் கொண்டாடும் 'ரெட்ரோ' என்ற சரக்கின் தாய்வீடு இதுதான். 1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் போட்ட விதையில் தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. லேபிள் அடித்த கை சும்மா இருக்குமா? காலண்டர், டைரி, சினிமா போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று நாட்டுக்கே அடித்துத் தள்ளியது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் இங்கே அச்சாகித்தான் நம் வீட்டுச் சுவர்களில் ஏறினார்கள். நேரு குட்டி ஜப்பான் என்றார் என்பது இந்த ஊர் இன்றுவரை மாட்டிக்கொண்டிருக்கும் பதக்கம். ஜப்பான்காரனுக்கு யாராவது சொன்னார்களா என்பது வேறு விஷயம்.

அந்த லேபிள்கள் இன்று பெருநகரக் கடைகளில் டீ-சர்ட்டிலும் காப்பிக் குவளையிலும் ஏறியிருக்கின்றன. சிங்கமும் சேவலும் மயிலும் கிளியுமாக அழகாகத்தான் இருக்கின்றன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் லேபிளுக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வீட்டில், இதைப் பெட்டியில் ஒட்டியவளுக்கு ஒரு குரோஸுக்கு என்ன கூலி என்று கேட்டுப் பாருங்கள். குரோஸ் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி என்று சொன்னால், 'வாவ்' என்பார்கள்.

சரி, குழுவைத் தேடுவோம். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்ரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல், இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளி. இந்தக் கரிசல் காட்டில் மேடைக்கா பஞ்சம்? எண்பதுகளில் ஊருக்கு ஊர் மெல்லிசைக் குழு முளைத்தது. அக்கார்டியன், மாண்டலின், பாங்கோஸ், கடன் வாங்கிய டிரம்ஸ், ஊளையிடுகிற மைக் செட். பெண் குரலுக்கு மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும். வராவிட்டால் குழுவிலேயே ஓர் ஆண் ஜானகி குரலில் பாடிச் சமாளிப்பார். பகலில் ஆப்செட் மெஷினில் நின்று மை பூசிய கை, இரவில் கிட்டார் பிடிக்கும். இவர்களிலும் சிலர் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். மேடையில் மூன்றாவது பாட்டாக அதைத் தயங்கித் தயங்கி எடுப்பார்கள். பல்லவி முடிவதற்குள் கீழேயிருந்து துண்டுச் சீட்டு வரும்: 'ராஜா பாட்டுப் போடு'. சீட்டு எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னார்கள். சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஆகவே அந்தப் பாட்டுகள் எங்கே போயின என்று இன்று உருகுகிறவர்கள், முதலில் கண்ணாடி முன்னால் நின்று உருகலாம். விரட்டியது நாம்தான். இளையராஜாவின் மேல் பழி போடுகிற அறிவாளிகளும் இருக்கிறார்கள். அவர் தன் பாட்டைச் செய்தார். சீட்டு எழுதிக் கொடுத்தது அவரா?

இன்றைக்கு அந்த மாண்டலின்காரரைத் தேடி ஒரு தம்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாடி, தோளில் துணிப்பை, பையில் தீப்பெட்டிச் சேவல்.

"அண்ணாச்சி, உங்களைத்தான் ரெண்டு வருஷமாத் தேடுறேன். நீங்க தொலைஞ்சு போன ஒரு ஜீனியஸ்."

"நான் எங்கய்யா தொலைஞ்சேன்? இந்தத் தெருவுலதான் நாப்பது வருஷமா இருக்கேன். ரேசன் கார்டுகூட இருக்கு."

"அந்த ஒரிஜினல் கேசட் இருக்கா அண்ணாச்சி?"

"இருந்துச்சு தம்பி. அது மேலதான் மக சடங்கு வீட்டைப் பதிஞ்சுட்டோம்."

"அய்யோ! பரவாயில்ல, அதுவே ஒரு டெக்ஸ்சர். உங்களை நாங்க உலகத்துக்குக் கொண்டுபோறோம். உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி?"

"எம்பத்தி ஏழுல ஒரு ஊர்க் கமிட்டி முந்நூத்தம்பது ரூவா பாக்கி வச்சுச்சு. என்னையக் கண்டுபிடிச்சது இருக்கட்டும். அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

கற்பனைதான். ஆனால் இந்தப் பக்கத்து மேடைக் கலைஞர் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். தொகை குறைவு என்று மட்டும் திருத்துவார்கள்.

சினிமாவைச் சாராத தமிழ்ப் பாட்டு இந்த வட்டாரத்தில் ஓடவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஓடியது, கடல் தாண்டி வந்து ஓடியது. தென்மாவட்டத்துத் திண்ணைகளில் இலங்கை வானொலி பாட, அதைக் கேட்டபடி தீப்பெட்டி ஒட்டினார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் அந்த வழியாக வந்தவை. ஈழத்தில் அதற்குப் பொப்பிசை என்று பெயர். கேட்க ஆளும் உண்டு, மேடையும் உண்டு. பிறகு 1983 ஜூலைக் கலவரம் வந்தது. பாடியவர்களும் கேட்டவர்களும் சிதறினார்கள். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்ட மனோகரனுக்குத் தமிழ் சினிமா கொடுத்தது அடியாள் வேடமும் வில்லன் வேடமும். 2018 ஜனவரியில் அவர் சென்னையில் இறந்ததும், ஆகா, தமிழ் பாப்பின் முன்னோடி என்று கண்ணீர் வடித்தோம். தமிழனிடம் பாராட்டு வாங்க வேண்டுமானால் வயது ஆகியிருந்தால் போதாது, காலமும் ஆகியிருக்க வேண்டும்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. சிவகாசி மண்ணுக்கே இதில் மூத்த அனுபவம் உண்டு. விஸ்வநாத தாஸ் 1886இல் இந்த ஊரில் பிறந்தார். நாடக மேடையில் முருகனாக வந்து வள்ளியைத் துரத்த வேண்டியவர், வெள்ளைக்காரனைத் துரத்தினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக் கொடுத்த பாட்டுகள்; வெள்ளைக்காரனைக் கொக்காக்கிக் கேலி செய்த பாட்டில் கொட்டகையே அதிரும். போலீஸ் மேடைக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும், பாடி முடித்ததும் வேடத்தோடு கைது. சிறைக்குப் போவதும் வருவதுமாகவே வாழ்ந்தவர். வெள்ளைக்காரன் அவரைச் சரியாகக் கண்டுபிடித்தான், ஒவ்வொரு முறையும். கண்டுபிடிக்காதவர்கள் நாம்தான். பிறந்தது மருத்துவர் குலத்தில், அதாவது ஊர் 'அம்பட்டன்' என்று கூப்பிட்ட குலத்தில். இவரோடு வள்ளியாக நிற்க மாட்டோம் என்று நடிகைகள் மறுத்ததும் அவர் வரலாற்றில் ஓர் அத்தியாயம். முருகனே வந்து நின்றாலும் முதலில் சாதியை விசாரித்துவிட்டுத்தான் வேலைக் கும்பிடுவோம் என்ற கொள்கையில் நாம் என்றைக்கும் தவறியதில்லை.

1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், கடன் கழுத்தை நெரிக்க, மேடையில் மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போனது. திருமங்கலத்தில் அவர் இருந்த வீடு இப்போது நினைவில்லம். அவர் உயிரோடு இருந்தபோது அந்த வீட்டின் மேல் இருந்த கடனை அடைக்க ஊரில் நாலு பேர் இல்லை. செத்த பிறகு நாலு மாலை போட ஆள் குறைவில்லை. நாட்டுக்கே காலண்டர் அடிக்கும் ஊரில் அவர் படம் போட்ட காலண்டர் எத்தனை வீட்டில் தொங்குகிறது என்று போய் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகாது.

எண்பதுகளுக்கே திரும்பி வருவோம். 'பொன்னான எண்பதுகள்' என்று குவளையில் அச்சடிக்கிறார்களே, அது யாருடைய எண்பதுகள்? 1983இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதினார். தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்பதுதான் கட்டுரையின் தலைப்பே. விடிவதற்கு வெகுமுன்பே கிராமங்களுக்குத் தீப்பெட்டி ஆலை பஸ் வரும். பிள்ளைகளை எழுப்பிவிட ஊருக்கு ஓர் ஏஜெண்ட் உண்டு, அவருக்குச் சம்பளமும் உண்டு. தூக்கத்தில் நடந்து வந்து ஏறுகிற ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். நாள் முழுக்கக் குச்சி அடுக்கிவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பும். ரூபா டிஸ்கோ பாடியதும் சரண்ஜித் சிங் ராகம் வாசித்ததும் இதே வருடங்களில்தான். ஒரே பத்தாண்டு, ஒரே நாடு.

1986இல் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக்கூடாது என்றது. ஆனால் ஒருவர் தன் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பட்டறைக்கு இது பொருந்தாது என்றும் கருணையோடு சேர்த்துக்கொண்டது. என்ன ஆச்சரியம், திண்ணையெல்லாம் பட்டறை ஆயின, தெருப்பிள்ளைகளெல்லாம் ஒரே குடும்பம் ஆனார்கள். வசுதைவ குடும்பகம் என்பதை இவ்வளவு அக்கறையாகக் கடைப்பிடித்த ஊர் உலகில் இல்லை. எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1996 டிசம்பர் ஆனது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. எண்பதுகளில் குச்சி அடுக்கிய பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து பட்டாசு ஆலைக்குப் போயிருந்தார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர், 2021 பிப்ரவரியில் சாத்தூர் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் என்று நீளும் பட்டியலில் அந்தத் தலைமுறையும் உண்டு. இங்கே விபத்துக்குப் பிறகு வழக்கமாக வருவது அமைச்சர், நிவாரணத் தொகை, சிவகாசியிலேயே அடித்த அஞ்சலிப் போஸ்டர். போஸ்டரில் மட்டும் உள்குத்தகை இல்லை, நேரடி ஆர்டர்.

அந்தப் பஸ்ஸில் குரல் நன்றாக இருந்த பிள்ளைகள் ஏறியிருக்க மாட்டார்களா? வாயை மூடிக்கொண்டா குச்சி அடுக்கியிருப்பார்கள்? பாடிக்கொண்டேதான் அடுக்கியிருப்பார்கள். அந்தக் குரலை எந்த நெதர்லாந்துக்காரர் எந்தக் கடையில் தேடி எடுப்பார்? தட்டுப் போட்டவன்தான் 'புறக்கணிக்கப்பட்ட கலைஞன்' என்ற பட்டத்துக்குக்கூட மனுப் போட முடியும். புறக்கணிக்கப்படுவதற்கே ஒரு தகுதி வேண்டியிருக்கிறது இந்த நாட்டில்.

எண்பதுகளில் தமிழில் உண்மையாகவே சினிமாவுக்கு வெளியே நின்று, சொந்தக் குழு வைத்து, சொந்தமாகக் கேசட் போட்டுப் பாடியவர் யார் என்று கேட்டால் நான் கே.ஏ. குணசேகரனைச் சொல்வேன். பக்கத்துச் சிவகங்கைச் சீமையின் மாரந்தை ஊர்க்காரர். 'தன்னானே' குழுவோடு நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் மேடையேற்றினார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை அவர் பாடியபோது சேரிகளும் சங்கக் கூட்டங்களும் எழுந்து நின்றன. இதைவிட 'இண்டி' எது? ஆனால் 'தமிழ் இண்டியின் வரலாறு' எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அந்தக் கேசட் அட்டையில் டிஸ்கோ விளக்கு இல்லை. பறைக்கு டீ-சர்ட் மதிப்பு வர இன்னும் கொஞ்சம் காலம் ஆகும்போல. வந்தபிறகு, வாசித்தவனை விட்டுவிட்டு வட்டத்தை மட்டும் அச்சடித்துக்கொள்வார்கள். குணசேகரன் தன் ஊரில் பட்டதையெல்லாம் 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதி வைத்தார். 2016 ஜனவரியில் மறைந்தார். இன்குலாப் அதே வருடம் டிசம்பரில் போனார்.

போனதும் நாடு விழித்துக்கொண்டது. 2017இல் இன்குலாபின் 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது. அவர் உயிரோடு இருந்த எழுபத்து சொச்சம் வருடத்தில் விலாசம் கிடைக்கவில்லை, காலமான மறுவருடமே கிடைத்துவிட்டது. தபால்துறை தோற்றது. அவர் குடும்பம் அந்த விருதை வேண்டாம் என்று மறுத்துவிட்டது. அவர் இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்றார்கள். மறுகண்டுபிடிப்புச் சந்தை அதிர்ந்துபோயிருக்க வேண்டும். சரக்கு தானே வாய் திறந்து 'நான் விற்பனைக்கு இல்லை' என்று சொன்னது அதற்குப் புது அனுபவம்.

ஆகவே எண்பதுகளின் இசையைத் தேடி இந்தப் பக்கம் வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கேமராவும் துணிப்பையும் கொண்டு வாருங்கள், தப்பில்லை. கேசட் கிடைத்தால் நகல் எடுத்துக்கொண்டு அசலை வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். பாடியவருக்கு எத்தனை சதவீதம் என்று முதல் காகிதத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'எக்ஸ்போஷர்' என்ற சொல்லை மட்டும் இங்கே உச்சரிக்காதீர்கள், பட்டாசு ஊரில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ஆளைக் கண்டுபிடிக்க உளவுத்துறை தேவையில்லை. சாத்தூரிலோ சிவகாசியிலோ பஸ்ஸை விட்டு இறங்கி முதல் டீக்கடையில் கேட்டாலே வீட்டைக் காட்டுவார்கள். 1987இன் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு இன்றுவரை வட்டி எவ்வளவு என்று வரும் வழியிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள். சில்லறை இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, அண்ணாச்சியிடம் ஜி.பே. உண்டு.